மூன்றெழுத்து வரலாறு: திருநெல்வேலித் திருச்சபையில் சுருக்கப் பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சபை வரலாற்று வகுப்பில் கரும்பலகையின்மேல் 'எஸ்.பி.ஜி.' என்று எழுதி, இதன் பொருள் யாது என மாணவரிடம் வினவினோம். சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் ஒரு மாணவர் எழுந்து, "பிரதம மந்திரியின் பாதுகாப்புப் படை, ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. விடை தவறன்று, 1985இல் அமைக்கப்பட்ட அப்படைக்கும் அவ்வெழுத்துகளே பெயர். ஆனால் அம்மாணவர் நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரினர். எந்தச் சங்கத்தின் பள்ளியில் அவருடைய கொள்ளுப்பாட்டனார் எழுத்தறிந்தாரோ, அந்தச் சங்கத்தின் எழுத்துகளையே அவர் அறியவில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் திருச்சபை வரலாறு பெரும்பாலும் சுருக்கப் பெயர்களால் எழுதப்பட்டது. எஸ்.பி.சி.கே., எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ்., சி.இ.இசட்.எம்.எஸ்., ஐ.எம்.எஸ்., சி.எஸ்.ஐ. என்று அவை ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. இவ்வெழுத்துகளை விரித்துச் சொல்வது அகராதி வேலை, அஃது எளிது. இவ்வெழுத்துகளுக்கு இலண்டனில் இருந்த பொருள் யாது, நம் ஊர் மக்களிடத்தில் அவை பெற்ற பொருள் யாது என்று காண்பதே வரலாற்று மாணவரின் கடமை. இவ்விரு பொருள்களும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரையில் காட்ட விரும்புகிறோம்.

சுருக்கம் புதிதன்று

பெயரைச் சுருக்கி எழுதும் வழக்கம் ஆங்கிலேயரோடு வந்ததன்று. புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில், தேவன், கர்த்தர், இயேசு, கிறிஸ்து ஆகிய திருப்பெயர்கள் முதலெழுத்தும் ஈற்றெழுத்துமாகச் சுருக்கப்பட்டு, மேலே ஒரு கோடு இடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இடமிச்சம் கருதி மட்டும் அவ்வாறு செய்தார்கள் எனல் இயலாது. பயபக்தியும் அதில் உண்டு. மீனைக் குறிக்கும் 'இக்துஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் ஐந்தெழுத்துகளில், இயேசு கிறிஸ்து தேவகுமாரன் இரட்சகர் என்னும் அறிக்கையை ஆதிச்சபையார் பொதிந்து வைத்தனர். அறிந்தவனுக்கு அது விசுவாச அறிக்கை. அறியாதவனுக்கு வெறும் மீன். எல்லாச் சுருக்கப் பெயர்களுக்கும் இவ்விரு முகங்கள் உண்டு. உள்ளே இருப்பவனை அவை சேர்க்கும். வெளியே நிற்பவனை அவை நிறுத்திவிடும்.

தமிழிலும் இவ்வழக்கம் தொன்மையானது. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹ எனக் கணக்கர் கைகளில் வழங்கிய குறிகள் அச்சேறி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை வழக்கிலிருந்தன. கடிதத்தின் தலைப்பில் 'மகாராஜராஜஸ்ரீ' என்பது 'ம-ள-ள-ஸ்ரீ' எனச் சுருங்கி, ஆங்கில உறைகளின்மேல் 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' என்றாகிக் காட்சியளித்தது. ஒருமுறை மாணவர் ஒருவர் பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றைப் படியெடுத்து வந்தார். ஊர்ப்பெயருக்குரிய இடத்தில் ஆறு பேருக்கு ஒன்றுமே எழுதப்படவில்லை. மூலத்தைப் பார்த்தோம். ஆறு வரிகளிலும் ௸ என்ற குறி இருந்தது. முதல் வரியிலுள்ள ஊரே இவர்களுக்கும் ஊர் என்பது அதன் பொருள். அக்குறியைக் கிறுக்கல் என எண்ணி மாணவர் விட்டுவிட்டார். ஒரு குறியை அறியாமையால் ஆறு பேர் ஊரற்றவராயினர். சிறு பிழைதான், எனினும் பதிவேட்டில் ஊர் ஒருமுறை அழிந்தால், அதை மீட்பார் யார்?

இலண்டனில் பிறந்த எழுத்துகள்

இனி நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். இங்கு வந்த முதல் எழுத்துகள் எஸ்.பி.சி.கே. என்பன. கிறிஸ்தவ அறிவை வளர்க்கும் சங்கம் என்பது இதன் பொருள். 1698இல் இலண்டனில் நிறுவப்பெற்ற இச்சங்கம் பள்ளிகளுக்கும் நூல்களுக்குமென ஏற்பட்டது. தமிழகத்தில் அதன் ஆதரவைப் பெற்று உழைத்தவர்களோ ஜெர்மானிய லுத்தரன் குருமார்கள். அவர்களில் தலைசிறந்தவரான சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து, க்ளாரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவில் 40 பேரின் பெயர்கள் உள்ளன. அவ்வம்மையார் எழுப்பிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. இன்றும் டில்லியிலிருந்து வரும் இறையியல் நூல்களின் முதுகில் 'ஐ.எஸ்.பி.சி.கே.' என்று காண்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

எஸ்.பி.ஜி. என்பது வெளிநாடுகளில் நற்செய்தியைப் பரப்பும் சங்கம். 1701இல் அரச சாசனம் பெற்றுத் தோன்றியது. எஸ்.பி.சி.கே.யின் தென்னிந்தியப் பணிகளை 1820களின் நடுப்பகுதியில் இதுவே ஏற்றுக்கொண்டது. இடையன்குடியில் 1841இல் குடியேறிய கால்டுவெல் ஐயரும், சாயர்புரத்தில் உழைத்த போப் ஐயரும் இச்சங்கத்தினர். கால்டுவெல் ஐயர் 1838இல் இந்தியாவுக்கு வந்தபோது எல்.எம்.எஸ். என்னும் இலண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்தவராகவே வந்தார். பின்னரே எழுத்து மாறினார்.

சி.எம்.எஸ்., அதாவது சபை மிஷனெரி சங்கம், 1799இல் இலண்டனில் சுவிசேஷ ஆர்வம் மிக்க ஆங்கிலத் திருச்சபையாரால் தொடங்கப்பட்டது. பாளையங்கோட்டையில் படைக்குருவாயிருந்த ஹஃப் ஐயர் வேண்டியதன்பேரில் அதன் பணி இங்குத் தொடங்கியது. 1820இல் இரேனியஸ் ஐயர் வந்தபின் அது விரைந்து பரவிற்று.

ஓர் எழுத்தால் வந்த பிளவு

சி.எம்.எஸ். என்பதில் முதலெழுத்தாகிய 'சி', சபை என்பதைக் குறிக்கும். எந்தச் சபை? இலண்டனில் இருந்தவர்களுக்கு ஐயமில்லை. அஃது ஆங்கிலத் திருச்சபை. இரேனியஸ் ஐயரோ லுத்தரன் முறைப்படி அபிஷேகம் பெற்ற ஜெர்மானியர். தாம் பயிற்றுவித்த உபதேசிமார்களுக்கு ஆங்கிலப் பேராயரின் கையால்தான் குருப்பட்டம் தரவேண்டும் என்ற விதியை அவரால் ஏற்க இயலவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைப் போற்றிய நூல் ஒன்றைக் கண்டித்து அவர் மதிப்புரையும் வெளியிட்டார். 1835இல் சங்கம் அவரைப் பணியினின்று நீக்கியது. அவர் ஊரைவிட்டுச் சென்றார்; மக்கள் அழைக்கவே திரும்பி வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838 ஜூன் மாதத்தில் அவர் மரித்தபின், பிரிந்தவருள் பெரும்பாலோர் காலப்போக்கில் மீண்டும் சி.எம்.எஸ்.ஸோடு இணைந்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தனிமனிதர் பிணக்கு என்று சுருக்கிவிடலாகாது. ஓர் எழுத்தை விரிக்கும்போது எந்தச் சொல்லை வைப்பது என்பதே அங்கு வழக்காயிருந்தது. ஆங்கிலம் அறியாத பனைத்தொழிலாளரும் நெசவாளரும் அந்த வழக்கின் பயனை அனுபவித்தனர். ஒரே ஊரில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்றதற்குக் காரணம், அவர்கள் ஒருபோதும் கண்டிராத ஓர் எழுத்தின் விரிவே எனின் மிகையாகாது.

எழுத்துகள் குலப்பெயரானமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சங்கங்கள் தத்தம் எல்லைகளை வரையறுத்துக்கொண்டன. நாசரேத்து, முதலூர், இடையன்குடி, சாயர்புரம், கிறிஸ்தியாநகரம் ஆகியவை எஸ்.பி.ஜி.; மெய்ஞ்ஞானபுரம், டோனாவூர், நல்லூர், பண்ணைவிளை, சுவிசேஷபுரம், சுரண்டை ஆகியவை சி.எம்.எஸ். நாசரேத்தும் மெய்ஞ்ஞானபுரமும் அரை நாள் நடையில் உள்ளவை. இரண்டிலும் ஒரே திருமறை, ஒரே ஜெபப்புத்தகம், ஒரே பேச்சு. எனினும் எஸ்.பி.ஜி. சபைகளில் வழிபாட்டு ஒழுங்குக்கும் பேராயர் ஆளுகைக்கும் அழுத்தம் மிகுதி, சி.எம்.எஸ். சபைகளில் பிரசங்கத்துக்கும் தனிமனித மனந்திரும்புதலுக்கும் அழுத்தம் மிகுதி. இங்கிலாந்தில் இருந்த இரு கட்சிகளின் நிழல் தேரிக்காட்டில் விழுந்தது.

1877ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்கத்தாவில் ஒரே நாளில் இரு துணைப்பேராயர்கள் திருநெல்வேலிக்கென அபிஷேகம் பெற்றார்கள். எஸ்.பி.ஜி. சபைகளுக்குக் கால்டுவெல், சி.எம்.எஸ். சபைகளுக்குச் சார்ஜென்ட். நாட்டெல்லையைக்கொண்டு பேராயரை நியமிப்பது ஆதிச்சபை முதலான மரபு. இங்கோ ஒரே மாவட்டத்தில் எழுத்துகளைக்கொண்டு பேராயர்கள் நியமிக்கப்பட்டனர். இருவரும் நண்பர்கள், இணங்கியே உழைத்தனர். ஆயினும் ஏற்பாடு ஏற்பாடுதான். 1896இல் திருநெல்வேலி தனித் திருமண்டலமாகி, மார்லி பேராயர் இரு சாராருக்கும் தலைவரான பின்னரும், சொத்துகளும் நிர்வாகக் குழுக்களும் உடனே ஒன்றாகிவிடவில்லை.

நம் பாட்டியாருக்கு ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. நம் அத்தைக்கு ஒரு வரன் வந்தபோது அவர் சொன்னதை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு: "பையன் தங்கமான பையன்தான். ஆனா அவுக எஸ்.பி.ஜி.ல்லா? நாம சி.எம்.எஸ்." திருமண்டலம் ஒன்றாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது, இந்தியத் திருச்சபைகள் இணைந்தும் பல ஆண்டுகள் சென்றிருந்தன. அவர் அவ்வெழுத்துகளின் விரிவை அறியார். ஆனால் அவை எதைக் குறிக்கும் என்பதை நன்கறிவார். எந்தப் பள்ளியில் படித்தோம், பஞ்சகாலத்தில் எந்த ஐயர் வீட்டு வாசலில் கஞ்சி கிடைத்தது, எந்த ஊரின் அசனத்தில் ஒன்றாய் உண்டோம், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் நம் முன்னோர் உறங்குகின்றனர் என்பவை அவருக்கு அவற்றின் பொருள். இலண்டன் அலுவலகம் இப்பொருளை அறிந்திராது. அகராதியும் இதைத் தராது. இதைப் பாட்டிமாரே தரக்கூடும். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இவ்வெழுத்துகளை ஏற்க மறுத்தவர்களும் இருந்தனர். நாசரேத்து எஸ்.பி.ஜி. சபையில் உபதேசியாயிருந்த சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், மிஷனெரிமாரோடு பிணங்கி, 1857ஐயொட்டிப் பிரகாசபுரத்தில் தனிச்சபை ஒன்றைத் தொடங்கினார். தம் இனத்தாரைக் குறித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அவருள்ளத்தைப் புண்படுத்தியிருந்தது. இந்து கிறிஸ்தவ சபை எனப் பொதுவாக அறியப்பட்ட அச்சபையின் போதனைகளை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் தம் சபைக்குத் தாமே பெயரிட வேண்டும் என அவர்கள் எண்ணியதைப் புறக்கணித்தலாகாது.

ஒரு கறை

உண்மையை முழுதாகச் சொல்வதானால், எஸ்.பி.ஜி.யின் முதலெழுத்து பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய பார்படோசில், காட்ரிங்டன் என்பவர் 1710இல் இறந்தபோது தம் கரும்புத் தோட்டங்களை அடிமைகளோடும்கூட இச்சங்கத்துக்கு எழுதிவைத்தார். அவ்வடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்னும் சொல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை இதற்காக மன்னிப்புக் கோரியது. சாயர்புரத்துப் பள்ளிப் பலகையிலும் பார்படோசு அடிமையின் மார்பிலும் நின்றது ஒரே சங்கத்தின் பெயர். இதைக் கேட்டு நம் ஊரில் கல்வி தந்த நன்மையை மறுப்பது தவறு. அந்நன்மையைக் கூறி இதை மறைப்பது அதனினும் தவறு. பெயர் எவன்மேல் எழுதப்படுகிறதோ, அவனைக் கேளாமல் அதன் பொருளை முடிவுசெய்ய இயலாது.

இலண்டன் இல்லாத எழுத்துகள்

1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் ஐ.எம்.எஸ். பிறந்தது. இந்திய மிஷனெரி சங்கம் என்னும் இப்பெயரில் முதலெழுத்து நம் நாட்டுக்குரியது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.சா. அசரியா இதன் உயிர்நாடியாயிருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் தாமே ஊழியரை அனுப்பும் முயற்சியைக் கண்டது அவரைத் தூண்டிற்று. இந்தியரே ஊழியர், இந்தியரே கொடுப்போர், இந்தியரே நிர்வகிப்போர் என்பது சங்கத்தின் கொள்கை. தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லில் அதன் பணி தொடங்கியது. பனங்கருப்பட்டி விற்ற காசும், சமைக்குமுன் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியும் அவ்வெழுத்துகளுக்குப் பொருள் தந்தன. 1912 டிசம்பர் 29இல் அசரியா ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராய் அபிஷேகம் பெற்றார். அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகை வாசகருக்கு ஐ.எம்.எஸ். என்றால் அரசாங்க இந்திய மருத்துவப் பணி; திருநெல்வேலிப் பெண்களுக்கோ அஃது அரிசிப்பானை.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய 33 போதகர்கள், தங்கள் பிரிவினைகள் தங்களால் உண்டானவை அல்ல. வெளியிலிருந்து வந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்னும் கருத்தை அறிக்கையாக வெளியிட்டனர். அக்கூட்டத்தை நடத்தியோரில் அசரியாவும் ஒருவர். 28 ஆண்டுகள் பேசி, 1947 செப்டம்பர் 27இல் சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அசரியா அதைக் காணவில்லை. 1945இன் முதல் நாளில் மரித்துவிட்டார். நந்தியால் பகுதியில் எஸ்.பி.ஜி. மரபில் வளர்ந்த சபையார் பலர் அன்று இணைய மறுத்தனர் என்பதிலிருந்து, பழைய எழுத்துகள் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருந்தன என அறியலாம். சி.எஸ்.ஐ. என்னும் எழுத்துகளுக்கு அதுவரை 'இந்திய நட்சத்திர விருது பெற்றவர்' என்பதே பொருள். ஆங்கில அரசு கொடுத்த பட்டம் அது. ஆட்சி மாறிய ஆண்டிலேயே அவ்வெழுத்துகளும் ஆள் மாறின.

இன்றைய எழுத்துகள்

இலண்டனிலோ எழுத்துகளின் பொருள் மாறிக்கொண்டே சென்றது. எஸ்.பி.ஜி. 1965இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து யு.எஸ்.பி.ஜி. ஆயிற்று, 2012இல் அப்பெயரையும் விட்டு, 2016இல் மீண்டும் அதையே எடுத்துக்கொண்டது. சி.எம்.எஸ். 1995இல் எழுத்தை மாற்றாமல் நடுச்சொல்லை மட்டும் மாற்றி, 'மிஷனெரி' என்பதை 'மிஷன்' ஆக்கியது. எழுத்து நிற்க, பொருள் நழுவுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நம் பக்கத்திலும் அவ்வாறே. பாளையங்கோட்டை முதலான இடங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் 'டி.டி.டி.ஏ.' என்று எழுதிய பலகையின்கீழ் நாள்தோறும் நுழைகிறார்கள். திருநெல்வேலித் திருமண்டலப் பொறுப்பாண்மைச் சங்கம் என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் வெவ்வேறான இரண்டு எழுத்துகள் தமிழில் ஒரே 'டி' ஆகிவிடுவதால், பிள்ளை அதை விரிக்க வழியே இல்லை. நம் 'பி.டி.' பட்டத்துக்கும் இதே கதிதான். உடற்பயிற்சி ஆசிரியரும் 'பி.டி.', இறையியல் பட்டதாரியும் 'பி.டி.' 2003இல் தூத்துக்குடி–நாசரேத்துத் திருமண்டலம் பிரிந்தபின் அங்கே 'டி.என்.டி.டி.ஏ.' என்று ஓரெழுத்து கூடியது. பிரிவினையால் எழுத்துகள் குறைவதில்லை, கூடுகின்றன.

"நீங்க சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேயா?" என்று இன்று பேருந்தில் கேட்கிறார்கள். 1947இல் ஒருமைப்பாட்டின் அறிக்கையாக எழுந்த மூன்றெழுத்து, பல பிரிவுகளுள் ஒரு பிரிவின் பெயராகிவிட்டது. தேர்தல் அணியின் பெயராகவும், வழக்குக் கட்டின் தலைப்பாகவும் அது தோன்றும்போது, நம் பாட்டியாரின் "அவுக எஸ்.பி.ஜி." என்னும் சொல்லே மறுபடி ஒலிப்பதாய் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டியாரின் சொல்லுக்குப் பின்னால் கஞ்சியும் கல்வியும் கல்லறையும் இருந்தன. நம் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

முடிவுரை

எனவே ஆயராகப் போகும் மாணவர்க்கு மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். முதலாவது, உங்கள் சேகரத்துப் பழைய பதிவேடுகளைத் திறந்து, அவற்றிலுள்ள குறிகளையும் சுருக்கங்களையும் பொருளோடு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். இதற்குப் பெரும் புலமை வேண்டா, பொறுமை போதும். இரண்டாவது, சபையிலுள்ள முதியோரிடம், 'சி.எம்.எஸ். என்றால் என்ன விரிவு' என்று கேளாதீர்கள், 'சி.எம்.எஸ். காலத்தில் என்ன நடந்தது' என்று கேளுங்கள். மூன்றாவது, ஆலயப் பலகையில் எழுத்துகளை மட்டும் எழுதி நிறுத்தாமல், தென்னிந்தியத் திருச்சபை என்று முழுமையாக எழுதுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதன் கதையையும் சொல்லுங்கள்.

கொரிந்து சபையாரில் சிலர் பவுலின் பெயரையும், சிலர் அப்பொல்லோவின் பெயரையும், சிலர் கேபாவின் பெயரையும் தாங்கி நின்றனர். அப்பெயர்களில் எதுவும் தீய பெயரன்று. நம் எழுத்துகளும் தீயவையல்ல. அவற்றால் நம் முன்னோர் எழுத்தறிந்தார்கள். ஆனால் சிலுவையின்மேல் மூன்று மொழிகளில் விரிவாக எழுதப்பட்ட அந்த விலாசத்தைப் பிற்காலத்தார் நான்கெழுத்தாகச் சுருக்கினர். சுருக்கத்தைக் காண்கிற ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் விரித்துச் சொல்லவேண்டியதாயிற்று. அந்தப் பணிதான் நம்மிடமும் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. அன்று வகுப்பில் விடை சொன்ன மாணவர் அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்று, தம் சபையின் பழைய பதிவேட்டிலிருந்து நாற்பது பக்கம் படியெடுத்து வந்தார். அதில் ௸ என்ற குறி ஒன்றுகூட விடுபடவில்லை.